உவர் பூத்தால்தான் நீலம்: எகிப்திய ஃபயான்ஸ் மைச்சிமிழ் செய்த பதிவு

ஐந்தாவது வேக்காட்டில்தான் சிமிழ் ஒழுங்காக வெளியே வந்தது. உயரம் 45 மி.மீ., வயிற்றின் குறுக்களவு 48 மி.மீ., தட்டையாக விரிந்த வாய், அதன்மேல் வட்டத் தகடு போல ஒரு மூடி, நடுவில் 16 மி.மீ. அகலக் குழி. எகிப்தின் மத்திய அரசுக் காலத்தில் (சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்) கண்மை வைக்கப் புழங்கிய சிமிழின் வடிவம் இது. வெளியே பார்த்தால் குண்டாக இருக்கும். உள்ளே இரண்டு சிட்டிகை மைக்குத்தான் இடம். அந்த மையில் முக்கியமானது கலீனா என்ற காரீயத் தாதை அரைத்த கருப்பு. மாலகைட் என்ற செம்புத் தாதை அரைத்த பச்சை அதைவிடப் பழசு. சிமிழ்களில் கல்லில் குடைந்தவையே அதிகம், ஃபயான்ஸில் செய்தவையும் உண்டு.

கலவை அளவு எங்கும் கிடைக்கும். அதைத் துல்லியமாக நிறுத்துப் போட்டும் நான்கு முறை கெட்டது. கெட்ட காரணங்களில் ஒன்றுதான் சூளையைச் சேர்ந்தது. மற்றவை எல்லாம் பிசையும் மேசையிலும் உலர்த்தும் வலையிலும் நடந்தவை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியின் ஃபயென்சா நகரத்துப் பெயரால் அழைக்கப்படும் ஐரோப்பியப் பாண்டம் களிமண்ணில் செய்து மேலே வெள்ளீய மெருகு (கண்ணாடி போன்ற பூச்சு) பூசியது. எகிப்திய ஃபயான்ஸ் அந்தப் பெயரை இரவல் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இதில் களிமண் கிடையாது. உடம்பு முழுக்கப் படிகக்கல் மாவு, அதோடு கொஞ்சம் சோடா, சுண்ணாம்பு, செம்பு. எகிப்தியர்கள் இதற்கு இட்ட பெயருக்குப் 'பளபளப்பது' என்று பொருள். மெருகை மூன்று வழியில் ஏற்றலாம்: பொருளுக்குள்ளிருந்தே உப்பாகப் பூத்து வரும்படி செய்யலாம், மெருகுப் பொடிக்குள் புதைத்துச் சுடலாம், குழம்பாகக் கரைத்துப் பூசலாம். இங்கே எடுத்தது முதல் வழி. ஈரச் சுவர் காயும்போது உவர் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். கலவையில் கரைந்த சோடா தண்ணீரோடு மேற்பரப்புக்கு வந்து, தண்ணீர் ஆவியானதும் வெள்ளையாகத் தங்கிவிடும். சூளையில் அது உருகிப் படிகக்கல் மாவைக் கரைத்துக் கண்ணாடியாகிறது. பூக்காத இடத்தில் கண்ணாடி இல்லை.

கடைசியில் நிலைத்த கலவை, உலர் எடையில் 1,000 கிராமுக்கு: படிகக்கல் மாவு 820 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 40, சமையல் சோடா 40, சுண்ணாம்புக்கல் மாவு 50, காப்பர் கார்பனேட் 30, பென்டோனைட் 20. தண்ணீர் 180 மி.லி. இதில் 250 கிராம் கலவை எடுத்தால் ஒரு சிமிழும் மூடியும் ஆகும், ஓரிரு சோதனை வில்லைகளும் தேறும்.

படிகக்கல் மாவில் பாதி 300 மெஷ், பாதி 100 மெஷ் (மெஷ் என்பது சல்லடைக் கண்ணின் அளவு, எண் கூடக் கூட மாவு நைசு). முழுக்க நைசான மாவைப் போட்டால் காயும்போது வெடிக்கிறது; முழுக்கப் பருமனான மாவைப் போட்டால் விளிம்பு நிற்காமல் உதிர்கிறது. வெள்ளை மணலை அரைத்தும் ஒரு சோதனை வில்லை செய்து பார்த்தேன். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த மணலிலும் இரும்பு இருக்கிறது. நீலம் பாசிப் பச்சையாகிவிட்டது. அரைத்து வாங்கும் மாவில்கூடக் காந்தத்தைப் பாலிதீன் உறைக்குள் வைத்து இரண்டு முறை கிளறி எடுங்கள். ஆலை உருளைகளின் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும்.

பென்டோனைட் என்பது பிசுபிசுப்பான நைசுக் களிமண், பழைய செய்முறையில் இல்லாத சேர்க்கை. 2 சதவீதம் போட்டால் கையில் பிடிக்க வருகிறது. 5 சதவீதம் போட்டுப் பார்த்ததில் வடிவம் நன்றாக நின்றது, உப்பு மேலே வராமல் உள்ளேயே தங்கிவிட்டது. சுண்ணாம்பு எதற்கு என்று தெரிந்துகொள்ள, அது இல்லாமல் ஒரு வில்லை சுட்டேன். சூளையிலிருந்து எடுத்தபோது மற்றவற்றைவிடப் பளபளப்பாகவே இருந்தது. மூன்று நாள் தண்ணீரில் போட்டு வைத்ததும் பளபளப்பு போய், தண்ணீர் விரலில் சோப்பு போல வழுக்கியது. சோடாவும் சிலிக்காவும் மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையும். சுண்ணாம்புதான் அதைக் கட்டிப்போடுகிறது.

முதல் வேக்காடு கெட்டது சோடாவால். கடையில் சலவைச் சோடா என்று கேட்டுப் படிகக் கட்டியாக வாங்கி, பொடித்து, அதே 40 கிராம் போட்டேன். அந்தக் கட்டியின் எடையில் 63 சதவீதம் தண்ணீர். 40 கிராம் போட்டால் உள்ளே போவது 15 கிராம் சோடாதான். சிமிழ் வெளிர் நீலமாக, உப்புத்தாள் போலச் சொரசொரவென்று வந்தது. நகத்தால் சுரண்டினால் தூள் உதிர்ந்தது. படிகச் சோடாதான் கிடைக்கிறது என்றால் 2.7 மடங்கு எடை போட்டு, அதில் வரும் தண்ணீரைக் கலவைத் தண்ணீரில் கழித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமென்றால் சோடா ஆஷ் என்று விற்கும் நீரற்ற பொடியையே வாங்குங்கள். வாங்கிய பொட்டலத்தைத் திறந்து போட்டால் அதுவும் காற்றின் ஈரத்தை இழுத்து எடை கூடும், டப்பாவில் மூடி வையுங்கள்.

சமையல் சோடாவை ஏன் கூடப் போடுகிறோம் என்றால், எகிப்தியர் கைக்கு வந்த நேட்ரான் கலப்பு உப்பு. எகிப்தின் வாதி நத்ரூன் பள்ளத்து ஏரிகள் வற்றும்போது படியும் அதில் கார்பனேட், பைகார்பனேட், சாப்பாட்டு உப்பு, சல்பேட் எல்லாம் இருக்கும். நம்மூர் வண்ணார் துணி வெளுத்த உவர்மண்ணும் ஏறக்குறைய அதே குடும்பம். கார்பனேட்டை மட்டும் போட்ட வில்லையில் உப்பு கட்டி கட்டியாகத் திரண்டது. இரண்டும் கலந்ததில் பனி படிந்தது போல மெல்லிசாக, சமமாகப் பூத்தது.

பிசையும் பதம்தான் அடுத்த தொல்லை. புட்டு மாவு பதம் என்றால் எல்லோருக்கும் புரியும்: பிடித்தால் பிடிபட வேண்டும், அழுத்தினால் உடைய வேண்டும். முதல் 150 மி.லி. வெந்நீரை ஊற்றியதும் அந்தப் பதத்தில்தான் இருக்கும். அங்கே பொறுமையிழந்து தண்ணீரைச் சேர்த்தால் போச்சு. ஐந்து நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்தால் அதே மாவு இளகிப் பளபளவென்று ஓடத் தொடங்கும். கையை எடுத்தால் மறுபடி இறுகும். தட்டத் தட்ட நெகிழும், விட்டுவிட்டால் கெட்டிப்படும். வேகமாக வளைத்தால் பிளக்கும். களிமண் பழகிய கைக்கு இது எரிச்சலூட்டும் பொருள். சக்கரத்தில் ஏற்றும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். மீதி 30 மி.லி. தண்ணீரைத் தேக்கரண்டி தேக்கரண்டியாகச் சேர்த்து, உருண்டை பிடித்து, ஈரத்துணிக்குள் அரை மணி நேரம் வைத்த பிறகு எடுத்தால் பேச்சுக் கேட்கும்.

கையுறை கட்டாயம். சோடாக் கரைசல் பத்து நிமிடத்தில் விரல் நுனித் தோலை வறளவைத்து வெடிக்கச் செய்துவிடும். உலர் மாவை நிறுக்கும்போதும் கலக்கும்போதும் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். படிகக்கல் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. மேசையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இரண்டாவது வேக்காட்டுக்கு வடிவத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் எடுத்தேன். இரண்டு பாதி அச்சு, அழகாகப் பிரிந்தது, வடிவமும் கூர்மை. ஆனால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும்போது அதில் கரைந்த சோடாவையும் சேர்த்து உறிஞ்சுகிறது. நாற்பது நிமிடம் அச்சில் இருந்த சிமிழின் வெளிப்புறத்தில் பூக்க வேண்டிய உப்பில் கணிசமான பங்கு அச்சின் சுவருக்குள் போய்விட்டது. அச்சைக் காயப்போட்டபோது அதன் முதுகில் வெள்ளையாகப் பூத்து நின்றதைப் பார்த்துத்தான் விஷயம் விளங்கியது. சிமிழ் மட்டும் வயிற்றில் மங்கலாக, அச்சில் படாத வாய்விளிம்பில் பளிச்சென்று இருந்தது. எகிப்தின் பழைய தலைநகரான அமர்னாவில் 1891-92இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியபோது சுட்ட களிமண் அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மோதிரம், தாயத்து, மாலைத் தொங்கல் போன்ற சிறு உருப்படிகளுக்கான ஒருபக்க அச்சுகள் அவை. அழுத்தி உடனே தட்டி எடுத்துவிடலாம். உள்ளே குழியுள்ள பாத்திரத்துக்கு அந்த வசதி இல்லை.

அதன்பிறகு அச்சை விட்டுவிட்டுக் கைவேலைக்கு வந்தேன். 16 மி.மீ. மரக்கழியில் செய்தித்தாளை ஒரே ஒரு சுற்று சுற்றி, ஒட்டாமல் நுனியை மட்டும் மடித்து, அதைச் சுற்றி மாவை அப்பிக் குண்டான உருளையாக்கி, ஈர ஸ்பாஞ்சால் வயிற்றை வளைக்க வேண்டும். வாய்விளிம்பு 6 மி.மீ. தடிப்பில் தனி வளையம். ஒட்டும் இரண்டு முகத்தையும் கீறி, அதே கலவையைத் தயிர் போலக் கரைத்துத் தடவி ஒட்டினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கழியைத் திருகி உருவினால் காகிதம் உள்ளே நிற்கும். அதை இடுக்கியால் சுருட்டி எடுத்துவிடலாம். கழியை உருவ மறந்து ஒரு ராத்திரி விட்டால் மாவு சுருங்கி, கழி ஊறிப் பெருத்து, சிமிழ் செங்குத்தாகப் பிளக்கும். ஒன்று அப்படிப் போனது.

மூன்றாவதில் இரண்டு தவறு சேர்ந்தது. கழிக்குப் பதில் வைக்கோலைக் கட்டி உள்கருவாக வைத்தேன், சூளையில் எரிந்து போய்விடும் என்று. எரிந்தது. ஆனால் மூடிய சூளையில் அது எரிந்தபோது குழிக்குள் பிராணவாயு இல்லாமல், உட்சுவரும் வாயோரமும் ஈரல் நிறத்துக்குப் போய்விட்டன. செம்பு நீலமாக இருக்க வேண்டுமென்றால் காற்று தாராளமாக வேண்டும். உள்கரு வைத்தே தீர வேண்டுமானால் 500 டிகிரியில் ஒரு மணி நேரம், சூளையின் காற்றுத்துளைகளைத் திறந்தே வைத்து நிறுத்துங்கள்.

இரண்டாவது தவறு மின்விசிறி. சீக்கிரம் காயட்டும் என்று ஒரு பக்கமிருந்து காற்று விட்டேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஆவியாகிறதோ உப்பும் அந்தப் பக்கம்தான் நடக்கும். விசிறி பார்த்த பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பாக உப்பு, முதுகுப் பக்கத்தில் தொட்டுப் பார்த்தால்கூடத் தெரியாத அளவு. சுட்ட பிறகு ஒரு பாதி கருநீலமாகத் தடித்து வழிந்திருந்தது, மறு பாதி சுண்ணக்கட்டி. ஒரே சிமிழில் இரண்டையும் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அதை எறியவில்லை, புதிதாக யாராவது இந்த வேலையைப் பற்றிக் கேட்டால் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

இப்போது உலர்த்துவது இப்படி. கொசுவலைக் கம்பியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வைக்கிறேன். வலைமேல் மூன்று கூர்முனைத் தாங்கிகள், அவற்றின்மேல் சிமிழ். அடியிலும் காற்று போக வேண்டும். பலகையில் உட்கார்ந்த சிமிழுக்கு அடி மொட்டையாகவே சுடும். விசிறி இல்லை, வெயில் இல்லை. முதல் ஆறு மணி நேரம் மேலே மெல்லிய பருத்தித் துணிக் கூடாரம், பிறகு அதையும் எடுத்துவிட்டு அறைக் காற்றில் மூன்று நாள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்ப வேண்டும், தாங்கியோடு சேர்த்து. சிமிழைத் தொடவே கூடாது. 12 மணி நேரத்தில் வாய்விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியும். 24 மணி நேரத்தில் வயிறு சாம்பல் பூசியது போல ஆகும். மூன்றாம் நாள் காலையில் நீலப்பச்சை மாவின் நிறமே தெரியாமல் முழுக்க வெள்ளை. மழை நாளில் இது ஐந்து நாள் ஆனது, பூத்தது மெல்லிசாகவும் இருந்தது.

அந்த வெள்ளைப் படலம் ஊதினால் பறக்காது, விரல் பட்டால் போய்விடும். பெருவிரல் ஒருமுறை பட்ட இடம், சுட்ட பிறகு பெருவிரல் அளவுக்கு வழுக்கையாக வந்தது, ரேகைகூடத் தெரிந்தது. ஆகவே கீறுவது, செதுக்குவது, சீவுவது எல்லாம் மாவு தோல் பதத்தில் இருக்கும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பூத்த பிறகு கீறினால் அந்தக் கோடு மங்கலாகத்தான் நிற்கும். கருங்கோடு வேண்டுமென்றால் மாங்கனீசு டை ஆக்சைடு ஒரு பங்கு, நமது கலவையின் நைசு மாவு இரண்டு பங்கு, தண்ணீர் விட்டுக் குழைத்து, பூப்பு தொடங்கும் முன்பே ஒரே இழுப்பில் எழுதிவிடுங்கள். திரும்ப அதே கோட்டில் தூரிகை வைத்தால் கீழே இருப்பது கரைந்து கலங்கும். வாய்விளிம்பைச் சுற்றி இரண்டு கோடு போட்டேன். இரண்டாவது கொஞ்சம் நடுங்கியிருக்கிறது.

மூடி சின்ன விஷயம் என்று நினைத்தேன். 4 மி.மீ. தடிப்பில் 46 மி.மீ. வட்டம், வலைமேல் போட்டதும் மேல்முகம் முதலில் காய்ந்து அப்பளம் போல வளைந்தது. தடிப்பை 6 மி.மீ. ஆக்கி, விளிம்பில் நிற்கும்படி மூன்று முட்களுக்கிடையே செங்குத்தாக நிறுத்திக் காயவைத்ததும் சரியானது. காய்ந்து சுட்டு முடிவதற்குள் மொத்தச் சுருக்கம் என் அளவில் 3 சதவீதத்துக்குப் பக்கம். சிமிழும் மூடியும் ஒரே பிசைவிலிருந்து எடுத்தால் சேர்ந்தே சுருங்கும், பொருந்திப் போகும். மூடியைச் சிமிழின்மேல் வைத்துச் சுடாதீர்கள், இரண்டும் ஒன்றாகிவிடும்.

சூளை 2.5 கிலோவாட் சிறிய மின்சூளை. 600 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரி. 573 டிகிரியில் படிகக்கல்லின் உள்ளமைப்பு மாறித் திடீரென்று பருமன் கூடும். அந்த இடத்தை வேகமாகக் கடந்தால் வயிற்றில் மயிரிழை விரிசல் விழும், இறங்கும்போதும் அப்படியே. 600க்கு மேல் மணிக்கு 150, உச்சம் 900, அங்கே 25 நிமிடம், பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு 100 டிகிரிக்குக் கீழே வரும் வரை கதவைத் திறக்காமல் விடுவது.

நான்காவது கெட்டது இங்கேதான். பூத்ததெல்லாம் அருமை. திரையில் 910 என்று காட்டியது, ஆனால் உள்ளே வைத்த 010 கோன் (குறிப்பிட்ட வெப்பத்தில் வளையும் சிறு கூம்பு) முழுக்கச் சரிந்து, அதைவிடக் கூடுதல் வெப்பத்துக்கான 08 கோனும் வளைந்திருந்தது. சூளையின் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் ஏறக்குறைய 40 டிகிரி குறைத்துக் காட்டியிருக்கிறது. மெருகு கீழே இறங்கி அடியில் சொட்டாகத் திரண்டு, தாங்கி முட்களை விழுங்கிக்கொண்டது. பிரித்தெடுக்கத் தட்டியதில் அடி பெயர்ந்தது. வாய்விளிம்பு மட்டும் வற்றிப் போயிருந்தது. இதற்குப் பிறகு திரையை நம்புவதில்லை. சிமிழுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் 011, 010, 09 மூன்றும் நிற்கும். 010 பாதி வளைந்தால் போதும். குறைவாகச் சுட்டாலும் தொல்லைதான்: 870இல் எடுத்த வில்லை நீலமாக இருந்தது, மினுமினுப்பு இல்லை. அதை மறுபடி 900க்கு ஏற்றியதும் சரியாகிவிட்டது. குறைந்ததைத் திருத்தலாம், கூடினதைத் திருத்த முடியாது.

சூளைத் தட்டில், மெருகு ஒட்டாமலிருக்க, அலுமினா ஹைட்ரேட்டும் கயோலினும் சரிபாதி கலந்த பூச்சு. தாங்கி முட்கள் நிக்ரோம் கம்பி. அடியில் மூன்று சிறு புள்ளித் தழும்பு விழும், அதை மறைக்க முடியாது, மறைக்கவும் தேவையில்லை.

ஐந்தாவதில் இந்த எல்லாமும் சேர்ந்தன. வெளிப்புறம் முழுக்க நீலப்பச்சை, வாய்க்குக் கீழே உப்பு கொஞ்சம் கூடுதலாகத் தேங்கிய பள்ளத்தில் அடர் நீலம். உள்குழியில் மட்டும் மெருகு அரைகுறை. அந்த 16 மி.மீ. துளைக்குள் ஈரக் காற்று அசையாமல் நிற்கிறது, உப்பு பூக்க மாட்டேன் என்கிறது. கலவையைத் தயிர் போலக் கரைத்து உள்ளே ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்ததில் அந்தப் படலம் காய்ந்ததும் சுருண்டு உரிந்தது.

இதில் மை வைத்துக் கண்ணுக்கு இட வேண்டாம். செம்பும் கரையக்கூடிய சோடாவும் உள்ள மேற்பரப்பு இது, அலமாரியில் வைக்க மட்டும்.

செலவு: படிகக்கல் மாவு 5 கிலோ 250 ரூபாய், சோடா ஆஷ் ஒரு கிலோ 80, சமையல் சோடா ஒரு கிலோ 110, சுண்ணாம்புக்கல் மாவு 50, பென்டோனைட் 70, காப்பர் கார்பனேட் 250 கிராம் 420. ஆக 980. கையுறை, கவசம், வலை, கழி எல்லாம் 350. ஒரு வேக்காட்டுக்கு 15 யூனிட், யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் ஐந்துக்கும் 675. மொத்தம் 2,005 ரூபாய், சூளை விலை சேர்க்காமல். காப்பர் கார்பனேட்டுக்குப் பதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் விலை குறையும்தான். சூளையில் கந்தகப் புகை கிளம்பும், மெருகில் கொப்புளம் விழும்.

அடுத்து மைக்குழல். எகிப்திய மன்னர் மூன்றாம் அமென்ஹோதெப், அரசி தியே பெயர்கள் எழுதிய குழல்கள் நாணல் தண்டின் வடிவில் ஒல்லியாக நீண்டிருக்கும். 120 மி.மீ. உயரம், 9 மி.மீ. துளை என்று எடுத்திருக்கிறேன். இரு முனையும் திறந்த குழலாகச் செய்து, காற்று உள்ளே ஓடும்படி நிமிர்த்தி உலர்த்திவிட்டு, அடியைத் தனி வில்லையாகச் சுட்டுப் பிறகு ஒட்டுவதாகத் திட்டம். முதல் குழல் வலைமேல் இருக்கிறது. இரண்டாம் நாள் ஆகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உட்சுவரில் மேலிருந்து 30 மி.மீ. வரை வெள்ளை இறங்கியிருக்கிறது, நடுவில் இன்னும் பச்சை.